ஏழு மார்க் போட்ட கறுப்பு பீர்

தேவானந்தத்திடம் ஒரு தோலைக் கொடுத்தால் உடனே மேஜைமேல் விரிக்க மாட்டார். முதலில் கையில் பிடித்துக் கனம் பார்ப்பார். பிறகு விரித்து, உள்ளங்கையால் தடவிக்கொண்டே போய், ஓர் இடத்தில் விரலை நிறுத்தி, "உண்ணி கடிச்ச தழும்பு. ரெண்டாம் தரம்" என்பார். தரத்தைக் குறைத்தால் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஆம்பூரில் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில், சாயமும் மெருகும் ஏற்றி முடித்த தோல்களைத் தரம் பிரிப்பது அவர் வேலை. அவருடைய மேஜை, தோலுக்கு மெருகு அடிக்கிற ஸ்ப்ரே ரூமை ஒட்டி இருந்தது. வீடு வேலூர் சத்துவாச்சாரியில். மனைவி ஜெயபுஷ்பம் மிஷன் பள்ளியில் டீச்சர்.

1999இல் கம்பெனி அவரைப் பெல்ஜியத்துக்கு அனுப்பியது. அங்கே ஒரு ஷூ கம்பெனிக்குத் தோல் வாங்குகிற லூக் என்பவர், போன சரக்கு சரியில்லை என்று சொல்லிவிட்டார். அவரோடு நின்று ஒவ்வொரு தோலாகப் பார்த்து வரவேண்டும். பார்த்து முடித்த சாயங்காலம் லூக் அவரை ஒரு பீர் கடைக்கு அழைத்துப்போனார்.

லூக்குக்குத் தோல் பிழைப்பு, பீர்தான் ஆசை. குடித்த பீருக்கெல்லாம் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, காரணத்தோடு இன்டர்நெட்டில் எழுதுகிறவர். அன்று அவர் வரவழைத்தது மடத்துச் சாமியார்கள் காய்ச்சுகிற கறுப்பு பீர். தேவானந்தம் குடிப்பழக்கம் உள்ளவர் அல்ல. எப்போதாவது கல்யாண வீட்டில் யாராவது வற்புறுத்தினால் அரை கிளாஸ். ஜில்லென்று இறங்குகிற மஞ்சள் தண்ணீர்தான் அவர் அறிந்த பீர். இது வேறாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதுமே ஏதேதோ ஞாபகம் வந்தது, எது என்று பிடிபடவில்லை. வாயில் இனிப்பாகத் தொடங்கி, நடுவில் எங்கெங்கோ போய்க் கசப்பில் முடிந்தது. அதன்பிறகு நெஞ்சு மெல்லச் சூடானது.

"பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார் லூக்.

"ஏழு."

"ஏன் எட்டு இல்லை?"

தேவானந்தம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இங்கிலீஷ் தடுக்கியதால் அல்ல, தமிழிலும் வரவில்லை. காலையிலிருந்து ஒவ்வொரு தோலுக்கும் காரணம் சொல்லி லூக்கை மடக்கியவர் அவர்தான். லூக் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அந்தச் சிரிப்பு தேவானந்தத்துக்குப் பிடிக்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை குடித்தால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அடுத்த வருஷம் லூக் ஒரு பாட்டில் கொண்டுவந்தார், அது பெட்டிக்குள்ளேயே உடைந்து அவருடைய சட்டையெல்லாம் பாழானது. அதற்கப்புறம் ஆர்டர் சீனாவுக்குப் போனது. லூக் பல வருஷம் வரவே இல்லை. இடையில் தேவானந்தம் நம்மூர்க் கடையில் கிடைக்கிற ஸ்ட்ராங் பீர்களை வாங்கி, பழகிப் பார்க்கலாமே என்று ஆபீஸ் நண்பர் வீட்டில் வைத்துக் குடித்தார். "எதுலயும் வாசனைன்னு ஒண்ணு இல்லயே" என்று சலித்துக்கொண்டு பாதியில் வைத்துவிட்டார்.

2007 மே மாதம் லூக் புது ஆர்டரோடு மறுபடியும் ஆம்பூர் வந்தார். துணியில் சுற்றிய ஒரு பாட்டிலைக் கொடுத்து, ஐஸ் போடாதே, அடியில் வண்டல் இருக்கும், நிற்கவைத்து மெல்ல ஊற்று என்றார். மார்க்கும் காரணமும் ஈமெயிலில் அனுப்பினால் தேவானந்தத்தின் பேரிலேயே போடுவதாகவும் சொன்னார்.

தேவானந்தம் லாங் பஜாரில் அலைந்து, கால் வைத்த ஐஸ்கிரீம் கிண்ணம் ஒன்று வாங்கினார். கறுப்பு பீருக்கான கோப்பை அங்கே கிடைக்குமா என்ன. ஃபிரிட்ஜில் வைத்தால் ஜாஸ்தி குளிர்ந்துவிடும் என்று பானைத் தண்ணீரில் பாட்டிலை நிற்கவைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, ஜெயபுஷ்பம் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போனதும் மூடியைத் திறந்தார்.

நிறம் அப்படியே இருந்தது. நன்றாக மெருகேற்றிய மாட்டுத்தோல் நிறம். நுரை பழுப்பாகத் திரண்டு நின்றது. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. ஆட்டிவிட்டு மறுபடி முகர்ந்தார், ஒன்றுமில்லை. குடித்தார். இனிப்பு, கசப்பு, தொண்டையில் எரிச்சல். நடுவில் இருந்த எதுவும் இல்லை. ஆம்பூரிலிருந்து கொண்டுவந்த பஸ் சூட்டில் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தார். எட்டு வருஷம் காத்திருந்தது இதற்கா என்று ஆத்திரம் வந்தது. லூக் மட்டமான பாட்டிலைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார் என்றுகூடத் தோன்றியது.

கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஜெயபுஷ்பம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"இன்னாங்க, கேக் எதுனா வாங்கினு வந்தீங்களா? வாசல் வரைக்கும் மணக்குது."

தேவானந்தம் கிண்ணத்தை மறைக்கவும் மறந்து நின்றார். உள்ளே வந்த ஜெயபுஷ்பம் பாட்டிலைப் பார்த்தார். முகம் மாறியது.

"கோயில்ல இருந்து வந்த கையோட இந்த வேலையா?"

"சாமியாருங்க மடத்துல செய்யறது, புஷ்பம்."

"அது கத்தோலிக்க மடம். நமக்கு இன்னா வந்தது?"

"அத்த விடு. இதுல வாசனை வருதுன்னியே, நெஜமா வருதா?"

அவர் கேட்ட விதத்தில் ஜெயபுஷ்பத்தின் கோபம் நின்றது. தேவானந்தம் சமையலறைக்குப் போய் டப்பாக்களைத் திறந்தார். காபித்தூள், பெருங்காயம், கிராம்பு. ஒவ்வொன்றையும் மூக்கில் ஒட்டவைத்து இழுத்தார். கிராம்புத் தூசி ஏறித் தும்மல் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை.

"போன வாரம் பால் தீஞ்சப்போ பக்கத்துலயே பேப்பர் படிச்சினு இருந்தீங்க" என்றார் ஜெயபுஷ்பம் மெதுவாக. "வேணும்னே எழுந்துக்கலன்னு நெனச்சேன்."

மறுநாள் ஸ்ப்ரே ரூமில் வேலை பார்க்கும் சர்தார் பாஷாவிடம் சொன்னார். பாஷா ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குப் போயி எத்தினியோ வருஷம் ஆச்சு, சார். அத்தர் எவ்ளோ போட்டேன்னு தெரியாது. ஜாஸ்தி போட்டுட்டேன்னு வீட்ல திட்டுவாங்க."

"சொல்லக் கூடாதாய்யா?"

"யார்கிட்ட சொல்றது? மெருகுல கலக்குற தின்னர் புகை சார் அது. இங்க நிக்கிற எல்லாருக்கும் அப்படித்தான்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்து, நரம்பு மழுங்கிவிட்டது, திரும்புவது கஷ்டம் என்றார். தேவானந்தம் மேனேஜரிடம் போய், புகையை வெளியே இழுக்கிற ஃபேன் வேண்டும் என்று சண்டை போட்டார். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் துணி மாஸ்க் வந்தது. ஃபேன் வரவில்லை. மறுபடி கேட்டபோது, "தோலுக்கு மார்க் போட மூக்கு எதுக்கு, தேவானந்தம்?" என்றார் மேனேஜர்.

மீதி பீரை ஜெயபுஷ்பம் கொட்டவில்லை, இறுக மூடி வைத்திருந்தார். பத்துக்கு மார்க் போட்டுக் காரணத்தோடு லூக்குக்கு எழுத வேண்டும் என்று கணவர் சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து, தானே ஒரு ஸ்பூன் எடுத்தார். கண்ணை மூடி வாயில் வைத்தார்.

"கிறிஸ்மஸ் கேக்குக்கு ஊற வெக்கிற திராட்சை. கூடவே வெல்லப்பாகு, கொஞ்சம் தீய விட்டது. கிராம்பு இருக்குது." இன்னொரு ஸ்பூன் எடுத்தார். "கடைசில இரும்பு டானிக் மாதிரி ஒரு கசப்பு. அது நாக்குலயே நிக்குது, போவ மாட்டேங்குது. அதுக்கு ரெண்டு மார்க் கம்மி. ஆனாலும் எட்டு போடலாம்."

தான் எட்டு வருஷமாகத் தேடிய காரணம் அதுவாகத்தான் இருந்திருக்குமோ என்று தேவானந்தம் நினைத்தார். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இனி ஒருநாளும் சொல்ல முடியாது. அதை நினைத்தால் மனைவிமேலேயே எரிச்சல் வந்தது.

"உனக்கு இன்னா தெரியும்? மொத தடவ குடிக்கிற."

"மார்க் போட்றது என் வேலைங்க" என்றார் ஜெயபுஷ்பம். "வேணும்னா எழுதி அனுப்புங்க, நீங்களே குடிச்சி சொன்ன மாதிரி."

தேவானந்தம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திராட்சை, வெல்லப்பாகு எல்லாவற்றையும் டைப் செய்தார். படித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. தான் தொடாத தோலுக்குத் தரம் எழுதியது போலவும் இருந்தது. அத்தனையும் அழித்துவிட்டு, எனக்கு வாசனை தெரிவதில்லை, மார்க் போட முடியாது, மன்னிக்கவும் என்று மட்டும் அனுப்பினார். லூக் வருத்தப்பட்டு நீளமாகப் பதில் எழுதினார், தன் சரக்குக்குத் தின்னர் இல்லாத மெருகு வேண்டும் என்று கம்பெனியைக் கேட்பதாகவும் சொன்னார். கேட்டாரோ என்னவோ, ஸ்ப்ரே ரூமில் எதுவும் மாறவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தேவானந்தத்தைப் பச்சைத்தோல் பிரிவுக்கு மாற்றினார்கள். உப்புப் போட்டு அடுக்கிய தோல்கள் வந்து இறங்கும் கொட்டகை அது. புதிதாக வருகிறவர்கள் நாற்றம் தாங்காமல் வாசலிலேயே கர்ச்சீப்பைக் கட்டிக்கொள்வார்கள். அவர் ஒன்றும் கட்டாமல் உள்ளே போய்த் தோல்களைப் புரட்டுவார்.

"குடுத்து வச்ச மூக்கு சார் உங்களுக்கு" என்பான் லாரி டிரைவர்.

தேவானந்தம் பார்த்து முடித்த தோலை ஓரம் தள்ளுவார். அடுத்த தோலை இழுத்துப் போடச் சொல்வார்.