பைபிள் அம்மாவுக்குப் பாடம் சொன்ன விளைக்காரிகள்

குழித்துறைக்குக் கிழக்கே, வீடும் பனந்தோப்புமாக உள்ள விளைகளில் நேசபாயைத் தெரியாத பெண்கள் கிடையாது. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, வாசலில் நின்று கூப்பிட்டால் அடுத்த விளைக் கோழி பறந்தோடும் குரல். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துச் சொல்வதற்காக மிஷன் சபை அவளை வைத்திருந்தது. ஊரார் ‘பைபிள் அம்மா’ என்பார்கள். எந்தக் கதையை எடுத்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பாள்: கடவுள் உன்னை நேசிக்கிறார். நாய் விரட்டினாலும், ஓடிக்கொண்டே அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் படலைத் தாண்டுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், மழைக்காலத்தில், அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள். கொட்டிய தலைமயிர்கூட முளைத்தது. ஆனால் ஜெபிக்க முழங்கால் போட்டால், ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது போல இருந்தது. உடம்புத் தளர்ச்சி என்று முதலில் நினைத்தாள். கஞ்சியும் ரசமும் உடம்பைத் தேற்றின, இது தேறவில்லை. ஆண்டவருக்குத் தன்மேல் இருந்த அன்பு போய்விட்டதோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

போதகர் ஐயாவிடம் சொன்னாள். உபவாசம் இரு என்றார். மிஷன் துரைசானியிடம் சொன்னாள். அந்த வெள்ளைக்கார அம்மாள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு குப்பி மீனெண்ணெய் கொடுத்தாள். இருவர் சொல்லையும் தட்ட மனமில்லாமல் நேசபாய் வெறும் வயிற்றில் மீனெண்ணெயைக் குடித்தாள். அன்றைக்கு முழுக்க அவளுக்கு விசுவாசத்தைப் பற்றி யோசிக்க நேரமே கிடைக்கவில்லை.

மாசி பிறந்து பனையேற்றம் மும்முரமாக இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, செல்லக்கனியின் விளைக்குப் போனாள். செல்லக்கனி பனையேறியின் மனைவி, அய்யா வழி என்ற வேறு மார்க்கத்துக்காரி. நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு, கருப்பட்டிக்கு அக்கானி என்ற பதநீரைக் காய்ச்சியபடியே, செவ்வாய் தவறாமல் பைபிள் கதை கேட்பாள். ஞானஸ்நானம் என்ற பேச்சு வந்தால் மட்டும், “அத விடு பிள்ளே, அடுத்த கதையச் சொல்லு” என்பாள்.

அன்று நேசபாய் பையைத் திறக்கவே இல்லை.

“என்ன பிள்ளே, இண்ணைக்குக் கதை இல்லியா?”

“கதை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லக்கா. ஆண்டவரு என்ன மறந்துட்டாரு.”

செல்லக்கனியின் கை நின்றது. அக்கானி பொங்கி அடுப்பில் வழிந்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

“அப்போ வருஷக்கணக்கா நீ எனக்குச் சொன்னதெல்லாம் பொய்யா?”

“பொய்யில்லக்கா. உங்கள அவரு நேசிக்கது உறுதியாக்கும். எனக்குத்தான்…”

“கொள்ளாம்! அவரு கோயில் நடையில நான் காலு வச்சதில்ல, எனக்கு நேசம் உண்டு. நீ அவருக்காகக் குடையும் தூக்கிட்டு வெயில்ல அலையுக, ஒனக்கு இல்ல. இது எந்த ஊரு நியாயம்?”

நேசபாய் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“காணாமப் போன ஆட்டுக் கதை சொன்னியே. மத்த ஆட்டையெல்லாம் விட்டுட்டு ஒத்த ஆட்டத் தேடிப் போனவன் மடையன்னு நான் சொன்னேன். நீ எங்கூடச் சண்ட போட்டுட்டுப் போன. நெனவு உண்டா?”

“உண்டு.”

“அந்த ஆடு கெணத்துக்குள்ள கெடந்தப்போ…”

“கெணறு இல்லக்கா, காடு.”

“கெணறுதான்! காடுண்ணா தழை தின்னுட்டு சொகமா கெடக்கும். கெணத்துல கெடக்க ஆட்டுக்கு, மேல ஒரு ஆளு தேடுகது தெரியுமா?”

“தெரியாது.”

“அதுக்குத் தெரியலண்ணு அவன் தேடாம இருந்தானா?”

நேசபாய் வாயைத் திறந்தாள். கிணறு இல்லை, காடுதான் என்று மறுபடி சொல்லத் தோன்றியது. சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

செல்லக்கனி விடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை நேசபாய் வந்தபோது, சுற்றுவட்டாரத்துப் பெண்கள் எல்லாரும் பனையோலைகளை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். “நம்ம பைபிள் அம்மைக்கு மனசு சரியில்ல. அவ சொன்ன கதைய அவளுக்கே சொல்லணும்” என்று செல்லக்கனி அவர்களை ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தாள். கூட்டத்தில் இருந்த பகவதி முந்திக்கொண்டாள்.

“ஒருத்தன் கடவுளுக்கு ஒளிச்சு ஓடினானாம். அவன ஒரு சாளை முழுங்கிச்சாம்…”

“சாளையா?” என்று அலறினாள் நேசபாய். “வெரல் நீள மீனுல்லா, ஆள எப்படி முழுங்கும்? பெரிய மீனுட்டி!”

“ஏதோ ஒரு மீனு. வயித்துக்குள்ள ஒரே இருட்டாம். ஆனா கடவுள் கைய விடலியாம். நீங்கதானே சொன்னிய!”

நேசபாய் சிரிக்கத் தொடங்கினாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரிப்பு நிற்காமல் கண்ணீராக வழிந்தபோது, பெண்கள் பயந்துபோய் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

அந்த வழியாகச் சைக்கிளில் வந்த போதகர் ஐயா இதைப் பார்த்தார். ஓலைமேல் பெண்கள் கூட்டம், நடுவில் கண்ணீர்! ஊரே மனந்திரும்பும் எழுப்புதல் வந்துவிட்டது என்றே நினைத்தார். அந்தப் பெண்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவார்கள் என்று சபையாரிடம் சொல்லி, முன்வரிசைப் பாய்களையும் ஒழித்து வைத்தார். ஒருத்தியும் வரவில்லை. மறுநாள் அவரே விளைக்குப் போய்க் கேட்டார்.

“நாங்க எதுக்கு ஐயா வரணும்?” என்றாள் செல்லக்கனி. “தேறாமக் கெடந்தது அவளாக்கும்.”

நேசபாயின் பாரம் ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. ஜெபம் பல வாரங்களுக்கு வறண்டுதான் கிடந்தது. ஆனாலும் தினமும் முழங்கால் போட்டாள். தனக்குத் தெரியாவிட்டாலும் தேடுகிறவர் தேடிக்கொண்டிருப்பார் என்று சொல்லிக்கொண்டாள். சித்திரையில் ஒரு காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, தான் வெகுநேரமாக ஒரு கீர்த்தனையை முனகிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். கேட்கிறவர் அருகிலேயே இருக்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. பாரம் எப்போது போயிற்று என்றும் தெரியவில்லை. கழுநீரில் கையை வைத்தபடியே, “ஸ்தோத்திரம்” என்று உரக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தோடின.