தம்பி தோளில் போட்ட முயல்

என் தம்பிக்குப் போலீஸ் வேலை கை கூடி வந்த நேரம். எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் தாண்டிவிட்டான். நன்னடத்தை விசாரணை மட்டும்தான் பாக்கி. அவன் படிவங்களை எல்லாம் நிரப்பிக் கொடுத்தது நான். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பான். அந்த நேரம் பார்த்தா எனக்குப் புத்தி கெட வேண்டும்?

சாக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள் சாமிக்கு வேட்டை. கண்மாய்க் கருவை முள்காட்டுக்குள் வலை கட்டி, நாயை விட்டு முயல் பிடிப்போம். முதல் முயலைப் பிடித்தவன் சுமக்கக் கூடாது. அவன் வீட்டு இளையவன் தோளில் போட்டு, மாலை சூட்டி, கோயில் வரை கூட்டிப் போவார்கள். இந்த வருஷம் முதல் முயல் என் வலையில் விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தம்பி காட்டுப் பக்கமே வரவில்லை. கோயில் வாசலில் நின்றவன், "வேணாம்ணே, கேசு கீசுன்னு ஆயிரும்" என்றான்.

"சாமி காரியத்துக்கு எவன்டா கேசு போடுவான்? பேசாம நில்லுடா."

நானே அவன் தோளில் போட்டேன். நானே போட்டோ எடுத்தேன். 'எங்க வீட்டு முதல் முயல்' என்று எழுதி ஸ்டேட்டஸும் வைத்தேன். மடையன்.

மூன்றாம் நாள் வனத்துறை ஆபீஸிலிருந்து தம்பிக்குப் போன். அவனை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன். சீட் காலியாகக் கிடந்தும் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடியே போய் இறங்கினேன்.

"புடிச்சது நான்தாங்க. அவன் காட்டுக்கே வரல" என்றேன் வனவரிடம்.

"யார்ட்ட லைசென்சு வாங்கிட்டுப் போனீக?"

"சாமி வேட்டைக்கு லைசென்சு எங்குட்டுப் போயி வாங்குறதுங்க?"

"எங்குட்டும் தர மாட்டாக. மூணு வருசம் வரைக்கும் ஜெயில் இருக்கு, தெரியும்ல?" அவர் அதட்டவில்லை. "புடிச்சதும் குத்தம், கையில வச்சிருந்ததும் குத்தம். புடிச்சதுக்கு உங்க பேரு. போட்டோவுல தோள்ல போட்டு நிக்கிறவர நான் எப்புடி விடுறது?"

போட்டுவிட்டது நான்தான் என்று எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். எழுதினார். அதற்குக் கீழே தம்பி பெயரையும் எழுதினார்.

போன வாரம் விசாரணைப் படிவம் வந்தது. தம்பி அதையும் பேனாவையும் என் முன்னால் வைத்தான். கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை.

"எப்பவும் நீதான எழுதுவ. எழுதுண்ணே."

பேர், ஊர், படிப்பு எல்லாம் எழுதினேன். 'உங்கள் மீது வழக்கு ஏதும் உள்ளதா' என்ற கட்டத்தில் கை நின்றது. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். 'ஆம்' என்று எழுதினேன். அதுவும் அச்சடித்த மாதிரிதான் இருந்தது.