இணையத்தில் ஃபிசிக்ஸ், பீன்யாவில் பிராக்டிகல்

ஆன்லைனில் இன்ஜினியரிங் படிக்க மூளை கொஞ்சம் இருந்தால் போதும், ரோஷம் நிறைய வேண்டும். என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். பீன்யாவில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஷாஃப்டுகளை அளந்து பார்ப்பது என் வேலை. டிப்ளமோவோடு நின்ற படிப்பை, சின்ன மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் இணைய வகுப்பில் தொடர்ந்தேன்.

அந்தரத்தில் ஊசல்

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீலசந்திராவில் எங்கள் தெரு பிரௌசிங் சென்டரில் போய் உட்காருவேன். பேராசிரியர் ஊசலை இழுத்து விடுவார், வீடியோ நின்றுவிடும். குண்டு அந்தரத்தில் தொங்கும். அது கீழே வருவதற்குள் சூத்திரத்தை நானே நோட்டில் போட்டு முடித்துவிடுவேன். கடைக்காரர் மஞ்சுநாத் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அக்கா, என்கிட்ட சினிமா சிடி இருக்கு, போடட்டுமா? அதாச்சும் நிக்காம ஓடும்."

கிரைண்டர் நடுக்கம்

கிரைண்டிங் மெஷினிலிருந்து வந்த ஷாஃப்டுகளில் அலை அலையாகக் கோடு. நான் ஒதுக்க ஒதுக்க, சூப்பர்வைசர் கங்காதர் சாணைக்கல்லை மாற்றினார், பேரிங்கை மாற்றினார், கடைசியில் ஆபரேட்டர் முருகேசன் அண்ணனையே பேக்கிங்குக்குத் தள்ளினார். பதினைந்து வருஷம் அந்த மெஷினோடு இருந்த மனிதர், முகம் செத்துப்போயிற்று.

எனக்கு அந்த வாரம் அதிர்வு பற்றிய பாடம். "கல் சுத்துற வேகம் மெஷினோட இயல்பான நடுக்கத்தோட சேர்ந்துக்குது சார். வேகத்தைக் குறைச்சா போதும்" என்று கங்காதரிடம் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல படிச்சதைக் கம்ப்யூட்டர்லயே வெச்சுக்கோம்மா" என்றார்.

விடுவேனா? மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனைக் கூட்டிவந்து, வேகம் குறைய பெல்ட்டை அடுத்த புல்லிக்கு மாற்றி, பத்து ஷாஃப்ட் போட்டோம். கண்ணாடி மாதிரி வந்தன. கங்காதர் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துவிட்டு, "சரி, ஓடட்டும். யார் மாத்தினதுன்னு மட்டும் ரிப்போர்ட்ல எழுதாதே" என்றார். நான் பெயர் போட்டே எழுதினேன். முருகேசன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என் பேரையும் போடும்மா. மாட்டினா ரெண்டு பேருமே மாட்டுவோம்."

வைட்ஃபீல்டில் பரீட்சை

பரீட்சை மையம் வைட்ஃபீல்டில். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால், வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே கை காட்டினார்: "பேரன்ட்ஸ் எல்லாம் ஹொரகே, மேடம்." ஹால் டிக்கெட்டை நீட்டினேன். போட்டோவையும் என்னையும் மூன்று தடவை பார்த்துத்தான் உள்ளே விட்டார். அந்த அவமானத்தோடு எழுதிய மின்காந்தவியலில் ஃபெயில். "பிள்ளைங்க படிக்கட்டும், உனக்குப் போதும்" என்றார் வீட்டுக்காரர். அன்று சாயங்காலமே மறுபடியும் பதிவு செய்தேன்.

அடுத்த தடவையும் அதே வாட்ச்மேன். நான் பையைத் திறப்பதற்குள் கேட்டைத் திறந்துவிட்டார்.

"வாங்க மேடம், ஃபேன் கீழ ஒரு சீட் இருக்கு, முதல்ல போய்ப் பிடிங்க."

பாஸ் செய்து, பட்டமும் வாங்கிய பிறகு, 'இதெல்லாம் ஒரு படிப்பா?' என்று கேட்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை, ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்கிறேன்.