மாரீஸ்வரி உருவிய தாள்

நேற்று என் மேசைமேல் மாணவர்களின் ஆய்வேடுகளை அடுக்கிவிட்டுப் போனார்கள். பைண்டிங் பசை இன்னும் சரியாகக் காயவில்லை. நான்கைந்தைப் புரட்டினேன். எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல் வழுவழுவென்று இருக்கிறது. யாருடைய குரலும் இல்லை. மேசையில் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது.

அந்தப் பசை வாசனைதான் மாரீஸ்வரியை இழுத்துவந்தது. விருதுநகர்க் கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. (கௌரவம் பெயரில் மட்டும்தான்.) மிளகாய் வற்றல் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கித் தெரு வழியாக வந்து, முதல் வகுப்பு முழுக்கத் தும்மிக்கொண்டிருப்பேன். மாரீஸ்வரி என் மாணவி, விஸ்வநத்தத்துப் பெண். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவர். அங்கே வேலை பார்க்கும் பெண்களைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வும். ஆனால் எழுதி வந்ததோ, ‘தொழிலாளர்கள் போதிய விழிப்புணர்வின்றிக் காணப்படுகின்றனர்’ என்று. ஏதோ பழைய ஆய்வேட்டிலிருந்து இறக்கிய சரக்கு.

“ஏம்மா, இதுதான் உங்க அம்மாவா?”

சிரித்துவிட்டாள். “எங்கம்மாவ நீங்க பாத்ததில்லையே மேடம்.”

“சரி, வெடிச் சத்தம் கேட்டா வீட்டுல என்ன செய்வீங்க?”

“எந்தத் திக்குன்னு பாப்போம் மேடம். அம்மா கம்பெனித் திக்கு இல்லைன்னா, அப்பாடான்னு சோத்த வடிப்போம். பொறவுதான் அங்கன வேல பாக்குறவுகள நெனச்சு அழுவோம்.”

அதை அப்படியே எழுதச் சொன்னேன். ஒரு தாளில் எழுதினாள். படித்த பிறகு எனக்கு அடுத்த வகுப்புக்குப் போக மனம் வரவில்லை.

துறைத் தலைவருக்குக் கோபம். “ஆய்வேட்டுல ‘அப்பாடா’ எங்கன வந்துச்சு? வெளியூர்லருந்து வர்ற தேர்வாளர் விடுவாரா? பிள்ள ஃபெயிலானா நீங்களா வேல வாங்கிக் குடுப்பீக?”

வாதாடினேன், கெஞ்சினேன். மாரீஸ்வரியே அந்தத் தாளை உருவி எடுத்துவிட்டாள்.

“போகட்டும் மேடம். நான் பாஸாகி வேலைக்குப் போனாத்தான் அம்மாவ அங்கனயிருந்து நிப்பாட்ட முடியும்.”

நன்றாகவே தேறினாள். மதுரையில் வேலையும் கிடைத்தது. “இந்தத் தீபாவளி சீசன் மட்டும் போயிட்டு நின்னுக்கிடுதேன்” என்றாராம் அம்மா. ஆர்டர் நெருக்கடி. சீசன் முடியும் முன்பே, சத்தம் அம்மா கம்பெனித் திக்கிலிருந்து வந்தது.

துட்டி விசாரிக்கப் போயிருந்தேன். மாரீஸ்வரி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “மேடம், அந்தத் தாள் உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்டாள். அவளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

ஆய்வேடு மட்டும் கல்லூரி நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். அதில் அவள் அம்மா எங்கேயும் இல்லை.