கலாராணியின் இரண்டு வயர்கள்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு டிஜிட்டல் பெட்டி வந்ததிலிருந்து கலாராணியின் கை சும்மா இருந்ததில்லை. வெயிலடித்தால் பெட்டியின் வயரை டீவியில் மாட்டுவாள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அதைப் பிடுங்கிவிட்டுப் பழைய அன்டெனா வயரைச் செருகுவாள். மற்ற சேனல்களெல்லாம் டிஜிட்டலுக்குப் போய்விட, அந்த அன்டெனாவில் மிஞ்சியது ஒரே ஒரு சிங்களச் சேனல்தான். அதுவும் புள்ளி புள்ளியாக.

"பெட்டியில தமிழ்ச் செய்தியே பளிச்சுன்னு வருதே. ஒனக்கு ஏன் இந்தப் பாடு?" என்றார் கணவர் அழகையா.

"மழை வந்தா ஒங்க பெட்டி படத்தோட பேச்சையும் சேத்து முழுங்கிருதுல்ல! இது எரைஞ்சாலும் பேசும்" என்று சீறினாள்.

மகள் வினோதினி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அந்தப் பக்கம் சண்டை மூளும் என்று தோட்டமெல்லாம் பேச்சு. அங்கே அவளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் போனைக் கொடுப்பார்கள். இன்று செவ்வாய்.

மாலையில் மழை பிடித்தது. கலாராணி வயரை மாற்றினாள். மாவுக்கையோடு வெளியே ஓடி அன்டெனாக் கம்பைத் திருப்பிவிட்டு வந்தாள். பாதியும் புரியாத அந்தச் செய்திக்குள் ஒரே ஒரு பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கட்சிக் கூட்டம், உருளைக்கிழங்கு விலை, மண்சரிவு, கிரிக்கெட்.

"கல்லு காயுது, ரொட்டியப் போடேன்" என்றார் அழகையா. அவள் அசையவில்லை.

செய்தி முடிந்து விளம்பரம் வந்தது. குவைத் என்ற பெயர் வரவில்லை.

அதன் பிறகுதான் முதல் ரொட்டியைக் கல்லில் போட்டாள்.