தண்டவாளத்துக்குப் பொட்டு

கணினி சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் இயந்திரம் ஒன்றை வீட்டிலேயே செய்யப் போகிறேன் என்றபோது மனைவி சிரித்தாள். மகள் கல்யாணமாகித் தோ பாயோவுக்குக் குடிபோனதும், அவளுடைய கட்டிலை யாரையும் கேட்காமல் விற்றுவிட்டு, அந்த அறையில் என் சாமான்களைப் பரப்பினேன். அன்றோடு சிரிப்பு நின்றது. எங்கள் பாசிர் ரிஸ் வீட்டில் அந்த அறை வாசலை அவள் அதன்பிறகு தாண்டவே இல்லை. சாப்பிடக் கூப்பிடுவதுகூட வெளியே நின்றுதான். தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. ஒரு தடவை உள்ளே வந்து பார்க்க மாட்டாளா என்று மட்டும் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

செதுக்கும் தலை நேராக ஓட இரண்டு எஃகுத் தண்டவாளங்கள் வேண்டும். கடையில் தயாராகவே கிடைக்கும். எனக்குத்தான் கெட்ட பிடிவாதம். சாங்கி சரக்குக் கிடங்கில் வேலை இல்லாத நாளெல்லாம் எஃகுப் பட்டையை அரத்தால் ராவினேன். கண்ணாடியில் மை தடவி, அதன்மேல் பட்டையைத் தேய்த்து, மை ஒட்டிய மேடுகளை மறுபடி ராவினேன். மூன்று மாதம் ஆனது. கடைசியில் உப்புத்தாளால் மினுக்கி எண்ணெய் பூசி வைத்தேன். இந்த ஊர் ஈரக்காற்றில் வெறும் எஃகு ஒரு நாள் தாங்காது.

ஆயுத பூசையன்று எனக்குப் பகல் வேலை. மாலையில் வந்து விளக்கைப் போட்டால், இரண்டு தண்டவாளங்களிலும் வரிசையாகச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். எண்ணெய்ப் பிசுக்கில் சந்தனம் ஒட்டாது என்று மனைவி முதலில் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறாள். ஒரு பொட்டை வழித்துப் பார்த்தேன். அடியில் துரு.

"யாரைக் கேட்டு இதைத் தொட்டே? மூணு மாச வேலை போச்சு!" நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அவள் அடுப்படியிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"மோட்டாருக்கு வைக்கலாம்னுதான் வந்தேன். ஆனா நீங்க எந்நேரமும் இதைத்தானே தடவித் தடவிப் பாக்குறீங்க. இதுதான் அதோட உசுருன்னு நினைச்சிட்டேன்."

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. அறையைக் கூட்டித் துடைத்திருந்தாள். வாழையிலைத் துண்டில் பொரியும் கடலையும். மோட்டாரைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை. அது தேக்கா சந்தையில் வாங்கிய பூ. முழங்கால் வலியோடு ரயில் மாறிப் போய் வந்திருக்கிறாள். இத்தனை நாள் எதற்கு ஏங்கினேனோ அது நடந்திருக்கிறது, நானோ அவளைத் திட்டிக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாக இருந்தது.

"கட்டிலை வித்தது தப்பு," என்றேன்.

"இப்பவாவது சொன்னீங்களே. சரிலா, தேய்ங்க. நான் பிடிச்சுக்கிறேன்," என்று பட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு பொட்டாக வழித்து, துருவைத் தேய்த்து, எண்ணெய் பூசிக்கொண்டே வந்தேன். கடைசிப் பொட்டு தண்டவாளத்தின் கோடியில், செதுக்கும் தலை எட்டாத இடத்தில் இருந்தது. அதைத் தொடாமல் உப்புத்தாளைக் கீழே வைத்தேன்.

"அங்கயும் துரு பிடிக்குமே," என்றாள்.

"பிடிக்கட்டும்," என்றேன்.