சுவருக்குள் தட்டும் சத்தம்

பேய், பறக்கும் தட்டு என்று விசித்திரங்களுக்கென்றே நகரத்தில் நாலு புத்தகக்கடைகள். குழாய் வேலைக்காரர் சந்துபொந்தெல்லாம் அலைந்து அந்தக் கடைகளில் வாங்கிச் சேர்த்த புத்தகங்களை, அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, மச்சினன் எடைக்குப் போட்டுவிட்டான். "குப்பை ஒழிஞ்சுது" என்று இளிப்பு வேறு.

இப்போது அதே மச்சினன் பேயறைந்த மாதிரி வந்து நின்றான். "மாமா, எங்க வீட்ல குளிச்சிட்டுக் குழாயை மூடினா சுவத்துக்குள்ள யாரோ தட்டுறாங்க. அதைப் பத்திப் புத்தகம் ஏதாவது இருக்கா?"

ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது குழாய் அதிர்ந்து சுவரில் இடிக்கிறது, அவ்வளவுதான். ஸ்பேனரை எடுத்தால் ஐந்து நிமிட வேலை. அவர் ஸ்பேனரைப் பைக்குள் போட்டு மூடினார்.

"என்கிட்ட இருந்துச்சு, நீதான் எடைக்குப் போட்டுட்ட" என்று சொல்லிவிட்டு நாலு கடை விலாசத்தையும் நிதானமாக எழுதிக் கொடுத்தார். "தேடு மாப்ள. கிடைக்கிற வரைக்கும் குளிக்காத."